மறதிக்கு எந்த ஸ்கேன்: எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா, அமிலாய்டு பெட் ஸ்கேனா?

அம்மாவோ அப்பாவோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தால், வீட்டில் யாராவது ஒருவர் "மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே" என்பார். சரி, எந்த ஸ்கேன்? ஒவ்வொன்றும் பார்க்கிற விஷயமே வேறு. என் கட்சி எம்ஆர்ஐதான், அதுவும் நரம்பியல் மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்த்த பிறகு.

சிடி ஸ்கேன் சில நிமிட வேலை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துக் குழம்பிப் பேச ஆரம்பித்தால், மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம் காரணமாக இருக்கலாம். அதை சிடி காட்டிக்கொடுத்துவிடும், பல நேரம் ஆபரேஷனில் சரியும் ஆகிவிடும். அல்சைமரின் ஆரம்பத்தைத் தேட மட்டும் அது போதாது.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் சத்தத்துக்கு நடுவே அசையாமல் படுத்திருக்க வேண்டும். புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி அல்சைமரில் சீக்கிரமே சுருங்க ஆரம்பிக்கும்: சாதாரண முதுமையில் வருடத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் போலக் குறைவது, அல்சைமரில் 3 முதல் 5 சதவீதம் வரை போகும். நம் ஊர் ரிப்போர்ட்டில் பல நேரம் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அந்த வரியை வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தனியாகப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை 1992லேயே வந்துவிட்டது, நெதர்லாந்தின் ஷெல்டன்ஸ் குழு கொண்டுவந்தது. 75 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 2 வந்தாலே கவனிக்க வேண்டும். அதைத் தாண்டியவருக்கு 2 என்பது பெரும்பாலும் வயசுக்கணக்கில் போய்விடும், 3 வந்தால்தான் சந்தேகம். அந்த மதிப்பெண் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள், தாராளமாகக் கேட்கலாம். பிபி, சுகர் பல வருடமாக இருப்பவர்களின் மூளையில் சத்தமில்லாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்களையும் எம்ஆர்ஐதான் நன்றாகக் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஆரம்ப நிலையில் எம்ஆர்ஐ நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அங்கேதான் எஃப்டிஜி பெட் உள்ளே வருகிறது. மூளையின் எந்தப் பகுதி குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது இது, சுருக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சில நேரம் தெரிந்துவிடும். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் மங்கினால் அல்சைமர் சாயல். முன்பக்கம் மங்கினால், மறதியைவிடக் குணம் மாறுவதில் தொடங்கும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவாக இருக்கலாம். எந்த வகை டிமென்ஷியா, அதாவது எந்த வகை மூளைத்திறன் சரிவு என்று மருத்துவருக்கே குழப்பம் இருந்தால் இதற்குச் செலவு செய்யலாம். புற்றுநோய்க்காக வைத்திருக்கும் அதே கருவி, அதே மருந்துதான், அதனால் பெரிய ஊர்களில் கிடைக்கும். வெறும் வயிற்றில் போக வேண்டும், சுகர் ஏறியிருந்தால் படம் தெளிவாக வராது.

அமிலாய்டு பெட்தான் இப்போது எல்லோரும் பேசுவது. அல்சைமரில் சேரும் அமிலாய்டு புரதத்தை உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் பார்க்க வழிசெய்த பெரிய முன்னேற்றம் அது. இந்த ஸ்கேனுக்காக ஊசியில் போடும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2012ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அந்தப் புரதம் சேர ஆரம்பித்துவிடும். நினைவு நன்றாக இருப்பவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் 44 சதவீதம் பேருக்கும் அது இருப்பதாக 2015ல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. நன்றாக இருக்கும் ஒருவரை இந்த ஸ்கேனுக்கு அனுப்பி 'பாசிட்டிவ்' என்று கேட்க வைப்பது கொடுமை. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் மாதிரி மருந்து தொடங்குவதாக இருந்தால் கதை வேறு, அமிலாய்டு இருப்பதை உறுதி செய்தே ஆக வேண்டும். அந்த மருந்தும் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்ததே தவிர, போன நினைவைத் திருப்பித் தரவில்லை. மூளை வீக்கம், ரத்தக் கசிவு வருகிறதா என்று நடுநடுவே எம்ஆர்ஐ வேறு எடுக்க வேண்டும்.

இதோடு பேப்பர், பேனா சோதனையையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். மோக்கா என்ற 30 மார்க் சோதனையில் கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். வட்டம், எண்கள் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, பெரிய முள்ளை 2க்குப் பதிலாக 10க்கு நேராக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தடுமாற்றம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. படிக்காதவர்களுக்கு மார்க் குறைவதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கென்று தனி வடிவமே இருக்கிறது. அப்புறம் பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேட்காமை: இவற்றைப் பார்க்காமல் நேரே ஸ்கேன் சென்டருக்கு ஓடுவதில்தான் எனக்கு உண்மையான கோபம், ஏனென்றால் இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

எம்ஆர்ஐ எடுத்தால் ஃபிலிமோடு நிறுத்தாமல் முழுப் படத்தையும் பென்டிரைவில் வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்க நேர்ந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று டாக்டரால் சொல்ல முடியும்.