எக் டம்ளர்: வேலூர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் தாங்குமா?

அக்ரிலிக்கில் ஒரு குழாய், அதன் அடியில் வலைத்தட்டு, பக்கத்தில் ஒல்லியான ஏர் குழாய், முதுகில் இரண்டு சக்‌ஷன் கப். ஆன்லைனில் ‘எக் டம்ளர்’ என்று தேடினால் வருவது இதுதான். பெரும்பாலும் பிராண்ட் பெயர் எதுவும் இருக்காது. எல்லோ லேப், டெமசோனி, பீகாக், ஃப்ரண்டோசா மாதிரி வாயில் அடைகாக்கும் சிக்லிட் வளர்ப்பவர்களுக்காகவே செய்யப்பட்ட சாமான். நம்ம ஊர் ஏரியில் பிடிபடும் ஜிலேபியும் இதே வழக்கம் உள்ள மீன்தான். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருப்பதுபோலப் புரட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஓடும், அழுக்கு ஒட்டாது, எல்லா முட்டைக்கும் ஆக்சிஜன் கிடைக்கும். அந்த வேலையை இந்தக் குழாய் செய்ய வேண்டும்.

செய்கிறது. ஆனால் அதற்கென்று ஒரு காலம் உண்டு. முட்டை இட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இது நன்றாக உழைக்கும். அதற்கு முன்னால் தாயின் வாயை விட நல்ல இடம் கிடையாது. அதற்குப் பின்னால் கடையில் கிடைக்கும் சாதாரண வலைப் பெட்டியே போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தான் முதல் நாளே முட்டையை எடுத்துப் போட்டு, மூன்றாம் நாள் பஞ்சு பூத்த வெள்ளை உருண்டைகளைப் பார்த்துவிட்டுப் பொருளைத் திட்டுகிறார்கள்.

நாள் கணக்கு இப்படி. 27 டிகிரியில் எல்லோ லேப், டெமசோனி, பீகாக் மாதிரி ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களின் முட்டை ஐந்து முதல் ஏழு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் பெரிய மஞ்சள் கரு தொங்கும். நீந்தாது, வாலை மட்டும் ஆட்டும். பத்து, பன்னிரண்டு நாளில் கண்ணும் தலையும் தெளிவாகத் தெரியும். கரு முழுக்க வற்றி, தானே நீந்தக் கிளம்ப 18 முதல் 21 நாள் ஆகும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போனால் இந்தக் கணக்கு சில நாள் முந்தும். சித்திரை, வைகாசியில் காலண்டரை மட்டும் நம்பாமல் தாய் மீனின் தாடையைப் பாருங்கள். தொண்டைப் பை கருத்து, உள்ளே புள்ளிப் புள்ளியாகக் கண்கள் தெரிந்தால் குஞ்சு முற்றிவிட்டது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காற்று எங்கே போகிறது என்பது. இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் காற்று பக்கத்துக் குழாயில் ஏறி, அறைக்குள் இருக்கும் தண்ணீரை மேல் வழியாக இழுத்து வெளியே தள்ளும். அதற்கு ஈடாக அடியிலுள்ள வலை வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். முட்டையின் மேல் குமிழி படவே படாது. இன்னொரு வகையில் ஏர் ஸ்டோன் (குமிழி விடும் கல்) முட்டைக்கு நேர் கீழேயே இருக்கும். குமிழிகள் முட்டையை அடித்துத் தூக்கும். பொரியாத முட்டையின் தோல் கிழியும், பொரிந்த குஞ்சின் மஞ்சள் கருப் பை உடையும். விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டாவது வகையை எடுக்காதீர்கள். படத்தில் தெரியவில்லை என்றால், ஏர் குழாய் முட்டை அறைக்குள்ளே இறங்குகிறதா, வெளியே தனியாகப் போகிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கூடவே வரும் பிளாஸ்டிக் வால்வு இந்தப் பொருளின் பெரிய குறை. காலையில் சரியாக வைத்த ஓட்டம் இரவுக்குள் தானாக மாறிவிடும். உலோகத்தில் செய்த ஊசி வால்வு ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள். அதேபோல ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் டம்ளருக்கும் ஒரே ஏர் பம்ப்பைப் பகிர வேண்டாம். ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச் சேர அந்தப் பக்கம் அடைத்து, மிச்சக் காற்று முழுவதும் டம்ளருக்குப் பாயும். நேற்று மெல்ல அசைந்த குஞ்சுகள் இன்று குழாய்க்குள் சுழன்றடிப்பதற்கு இதுதான் காரணம். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வும் அவசியம். கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்ப்புக்குள் இறங்கும்.

ஓட்டம் எவ்வளவு? முட்டைகள் இருந்த இடத்திலேயே லேசாக அசைந்து, அவ்வப்போது ஒன்றிரண்டு புரண்டால் போதும். குழாயின் பாதி உயரத்துக்கு எழும்பினால் அதிகம். மூலையில் அசையாமல் ஒரு குவியல் தங்கினால் குறைவு. பொரிந்த பிறகு கரு கனமாக இருப்பதால் குஞ்சுகள் அடியிலேயே கிடக்கும், அப்போது ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். கரு வற்றி உடல் லேசானதும் மேலே எழும்பி வெளியேறும் துளையில் சிக்கும். அந்தத் துளையில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகி வைப்பது வழக்கம். பெரிய மீன்கள் வெளியிலிருந்து கொத்துவதையும் அது தடுக்கும்.

குஞ்சை எடுக்கும் முறையில்தான் நிறைய தப்பு நடக்கிறது. இரவில் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்தால் தாய் பதறாது. பகலில் வலையோடு துரத்தினால் பாதியைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். அதே தொட்டித் தண்ணீரை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தலை கீழாகச் சாய்த்துப் பிடித்து, கீழ்த் தாடையை மொட்டையான பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் திறந்து, வாயைத் தண்ணீருக்குள் முக்குங்கள். குஞ்சுகள் தாமாக விழும். வயிற்றை அமுக்கவே கூடாது. இரண்டு, மூன்று முறை முக்கினால் வாய் காலியாகிவிடும். தாய் மூன்று வாரம் வரை சரியாகத் தின்னாமல் இருந்திருக்கும். உடனே பழைய தொட்டியில் விட்டால் ஆண் விரட்டியே கொன்றுவிடும். தனித் தொட்டியில் ஒரு வாரம் வைத்து, சிறிது சிறிதாகத் தீனி கொடுத்துத் தேற்றிய பிறகு சேருங்கள். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண்ணாவது இருந்தால்தான் இந்த விரட்டல் ஒரே மீன் மேல் விழாது.

ஏழாம் நாளுக்கு முன்பே எடுக்க வேண்டிய நிலைமை ஒன்று உண்டு. முதல்முறை முட்டையிடும் இளம் பெண் மீன்கள் மூன்றாம், நான்காம் நாளில் விழுங்கிவிடும். தொடர்ந்து இரண்டு ஈடு (ஒரு தடவை இடும் மொத்த முட்டை) அப்படிப் போனால் மூன்றாவது ஈட்டை அது விழுங்குவதற்கு முன்பே எடுத்து டம்ளரில் போட்டுப் பார்க்கலாம். கருவுறாத முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பால் வெள்ளையாகும். அவற்றைக் காலையும் மாலையும் டிராப்பரால் உறிஞ்சி எடுங்கள். ஒன்றில் பூத்த பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவ ஒரு இரவு போதும். பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்தான மெத்திலீன் புளூ போடுவதென்றால் தனித் தொட்டியில் மட்டும்: ஒரு சதவீதக் கரைசலில் 10 லிட்டருக்கு 1 மில்லி. ஓடும் ஃபில்டர் உள்ள தொட்டியில் போட்டால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா சாகும். அக்ரிலிக்கிலும் சிலிக்கானிலும் நீலம் ஏறும், பிறகு போகாது.

இப்போது தண்ணீர். மலாவி மீனுக்கு உப்புத்தண்ணிதான் வேண்டும், வேலூரில் அது இலவசம் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. அந்த ஏரியின் தண்ணீர் பிஎச் 7.7 முதல் 8.6 வரை இருக்கும், காரத்தன்மை உள்ளது. சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்துக் கடின போர் தண்ணீரில் எல்லோ லேப் தாராளமாக முட்டையிடும். ஆனால் கரைந்த உப்புகளின் மொத்தத்தை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1500 காட்டினால் அது கால்சியமா, வெறும் சோடியம் குளோரைடா என்று மீட்டருக்குத் தெரியாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலைப் பதப்படுத்த உப்பு போட்டு ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் நிலத்தில் இறங்கியிருக்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கே தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றியதுதான். அந்தப் பகுதிகளில் போர் தண்ணீரை ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கிட்டில் சோதிக்காமல் முட்டைக்குப் பயன்படுத்தாதீர்கள். தோல் கழிவில் வரும் குரோமியத்துக்கு இந்த வீட்டுக் கிட்டுகள் எதுவும் உதவாது. தொழிற்சாலைக்குப் பக்கத்துப் போர் என்றால் மழைநீரோ காவேரித் தண்ணீரோ மேல்.

போரிலிருந்து நேரடியாக எடுத்த தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆக்சிஜன் குறைவு. ஒரு டிரம்மில் பிடித்து ஒரு நாள் முழுக்க ஏர் விட்டால் பிஎச் ஏறி நிலைக்கும். மாநகராட்சிக் குழாயில் வரும் காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால் 100 லிட்டருக்கு சோடியம் தயோசல்பேட் 0.7 கிராம் கணக்கு. 1 கிராம் போடலாம். கரு தொங்கும் குஞ்சுக்குக் குளோரின் கொஞ்சம் பட்டாலும் போச்சு.

கடினத் தண்ணீரால் டம்ளருக்கும் கேடு உண்டு. இரண்டு, மூன்று வாரத்தில் வலைத்தட்டில் வெள்ளை உப்புப் படியும், துளை சுருங்கும், ஓட்டம் ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். வெந்நீர் ஊற்றினால் ஒட்டிய இடங்களில் அக்ரிலிக் வெடிக்கும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூருக்கு எழுத முடியாது. மாடி அறையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரி வரை போகும். 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 32-ல் சுமார் 7.3 ஆகக் குறையும். குஞ்சின் தேவையோ அதே சமயம் கூடும். தண்ணீர் மட்டத்தை நோக்கி ஒரு சிறிய ஃபேன் வைத்தால் வறண்ட காற்றில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போன அளவுக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்: தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை ஆர்ஓ அல்லது மழைநீரால் நிரப்புங்கள். மார்கழியில் இதற்கு நேர்மாறாக, தொட்டிக்கு ஹீட்டர் தேவைப்படும். டம்ளரை ஹீட்டரை ஒட்டி மாட்டாதீர்கள். உள்ளே ஓடும் தண்ணீர் குறைவு, சீக்கிரம் சூடேறும்.

அடுத்தது கரண்ட். இந்தக் குழாய்க்குள் காற்று நின்றால் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிடும். ஐம்பது குஞ்சு ஒரு பிடியளவு இடத்தில் இருப்பதால் அடியில் உள்ளவை முதலில் மூச்சுத் திணறும். தொட்டி மீனைவிட டம்ளருக்கு மாற்று மின்சாரம் அதிகம் முக்கியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இந்தப் பம்ப்பைச் சேருங்கள். இழுப்பது சில வாட்ஸ்தான். இல்லையென்றால் யுஎஸ்பி பம்ப்பும் பவர் பேங்க்கும். 10,000 எம்ஏஎச் பேங்க்கில் 2 வாட்ஸ் பம்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு எச்சரிக்கை: இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்க்குகள் சார்ஜ் முடிந்தது என்று நினைத்துத் தாமாக நின்றுவிடும். முட்டை போடுவதற்கு முன் ஒரு இரவு முழுக்க வெறும் டம்ளரை ஓட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காலி தண்ணீர் பாட்டிலில் செய்யும் வீட்டுத் தயாரிப்பு. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை அறுத்து, வாயில் வலை கட்டி, கவிழ்த்து, பக்கத்தில் ஏர் லிஃப்ட் (காற்றால் தண்ணீரை மேலே தூக்கும் குழாய்) வைத்தால் அதே வேலை நடக்கும். ஓட்டமும் பரவாயில்லை. குறை என்னவென்றால் பாட்டிலின் வளைவில் பூஞ்சை முட்டை தெளிவாகத் தெரியாது, டிராப்பர் மூலைக்கு எட்டாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஈடு மட்டும் எடுப்பவருக்கு அது போதும். பத்துப் பதினைந்து பெண் மீன் வைத்து மாதாமாதம் குஞ்சு எடுப்பவர் அக்ரிலிக்கை வாங்கலாம். பீகாக் கலவைத் தொட்டி வைத்திருப்பவர் இதில் காசு போட வேண்டாம்: பீகாக் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எந்த ஆணோடு சேர்ந்தது என்று தெரியாது. சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வரும் ஓபி (ஆரஞ்சுத் திட்டு) பீகாக்கும் மனிதர் செய்த கலப்புதான். வளர்க்க அழகு, இனம் பெருக்கி விற்க உதவாது.

கரு வற்றியதும் டம்ளரில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். உள்ளே தீனி போட வழியில்லை, போட்டாலும் அழுகும். இரண்டடிக்கு ஒரு அடி தொட்டி, ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மணல் இல்லாத வெறும் அடி. குஞ்சு பெரியதாகவே பிறப்பதால் இன்ஃபுசோரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தீனி) தேவையில்லை. முதல் நாளே ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் பொரிக்கும் மிகச் சிறிய இறால் வகை) பிடித்துத் தின்னும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு, 2 கிராம் ஆர்ட்டீமியா முட்டை, கீழிருந்து பலமான ஏர், 24 மணி நேரம். நம் கோடையில் அதற்கு முன்பே பொரியும். ஏரை நிறுத்தி, அடியில் விளக்கு காட்டினால் பொரிந்தவை கீழே சேரும், ஓடு மேலே மிதக்கும். ஓட்டைச் சேர்த்துக் கொடுத்தால் குஞ்சின் குடல் அடைக்கும். மற்ற வேளைக்கு ஸ்பைருலினா பெல்லட்டை அரைத்து டீ வடிகட்டியில் சலித்துத் தூவுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. வேகவைத்த முட்டை மஞ்சள் கரு வேண்டவே வேண்டாம். ஒரு துளி அதிகமானாலும் தண்ணீர் கெட்டு மறுநாள் வரிசையாகச் சாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் இரண்டு மாதத்தில் ஒரு அங்குலத்தை நெருங்கும்.

கடைசியாக சக்‌ஷன் கப். வெயிலிலும் உப்பிலும் ஆறு மாதத்துக்குள் கல்லாகி விடும், நடு இரவில் டம்ளர் கவிழ்ந்தால் முழு ஈடும் பெரிய மீன்களுக்குத் தீனி. வாங்கும்போதே நான்கு உதிரிக் கப் சேர்த்து வாங்குங்கள். கூடவே கழுத்தில் ஒரு நைலான் கயிறு கட்டி, தொட்டி மூடியில் முடிச்சுப் போட்டுவிடுங்கள்.