பொள்ளாச்சியா, சித்தூரா, ஜூமா? குடியை விட்டவன் எந்தக் கூட்டத்துக்குப் போவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு குடியை நிறுத்த நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் தமிழ்க் கூட்டம், இதே மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் மலையாளமும் தமிழும் கலந்து நடக்கும் கூட்டம், ஃபோனில் ஜூம் கூட்டம். மூன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சித்தூரில் நிலைத்தேன். குடிக்காமல் மூன்று வருஷமும் நாலு மாசமும் ஆகிறது.

செலவை ஒப்பிட வேண்டியதே இல்லை. மூன்றுமே ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியில் சிக்கிய ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். இருந்தால் போடலாம், இல்லையென்றால் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளும் எங்கே போனாலும் அதே 12 படிகள்தான்.

அதற்கு முன் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களிலேயே வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். கேரளப் பக்கம் இருப்பவர்கள் கலால் துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் எண் 14405-ஐக் கூப்பிடலாம். எனக்குக் கூட்டம் நடக்கும் இடத்தைச் சொன்னதும் ஆஸ்பத்திரியில் இருந்த கவுன்சிலர்தான். கிழமையும் நேரமும் மாறும். போகுமுன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பொள்ளாச்சிக்குத்தான் போனேன். காரணம் வெட்கம். இங்கே என்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பேச்சும் நம் பேச்சு. மகளின் ஸ்கூல் ஃபீஸை எடுத்துக் குடித்ததை முதன்முதலாகச் சொன்னது அங்கேதான். தமிழாக இருந்ததால்தான் அது வாயில் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் பட்ட கடன் பெரிது.

ஆனால் அந்த பஸ் என் குடியின் பஸ். ஒண்ணாந்தேதி கேரளத்தில் மதுக்கடை அடைப்பு என்றால், டாஸ்மாக்கைத் தேடி அதே பஸ்ஸில்தான் போவேன். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் அங்கிருந்து எல்லை தாண்டிக் கள்ளுக்கு வருகிறவர்களும் அதில்தான் வருவார்கள். கூட்டம் முடிந்து எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுப் பேச்சே என்னைப் பாதி இறக்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம் குடித்தேன். அங்கே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் என் ஃபோன் நம்பரைக் கொடுக்காமலே இருந்தேன். எந்த மறைவைத் தேடிப் போனேனோ அந்த மறைவிலேயே நழுவிவிட்டேன். தப்பு என்னுடையது, கூட்டத்தினுடையது அல்ல.

ஜூமில் மொத்தம் ஐந்து தடவைதான் இருந்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. வளைகுடாவில் வேலை செய்பவர்களும், வீட்டை விட்டு இறங்கமுடியாத பெண்களும் அதில் பேசியதைக் கேட்டேன். அவர்களுக்கு அது உயிர்க்கயிறு. எனக்கு உதவவில்லை. ஐந்தாவது தடவை கேமராவை அணைத்துவிட்டு, கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கூட்டம் கேட்டேன். ஃபோனுக்கு வாடை தெரியாது.

சித்தூர்க் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். பாதிப்பேர் மலையாளத்தில் பேசுவார்கள், நான் தமிழில் பேசுவேன். நம் பக்கத்தில் அது யாருக்கும் சிரமமில்லை. முதல் நாளே ஒரு சேட்டன் நம்பர் கேட்டார், கொடுத்துவிட்டேன். சைக்கிளில் லாட்டரி விற்பவர். பேரைச் சொல்வது கூட்ட முறையல்ல.

இரண்டாவது மாசம் ஒரு வாரம் போகவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் மணிச்சத்தம். அந்தச் சேட்டன் லாட்டரிச் சீட்டுக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யார் என்று கேட்ட என் சம்சாரத்திடம், லாட்டரிக்காரன் என்று மட்டும் சொன்னார். நான் வெளியே வந்ததும், “எந்தா வராஞ்ஞது?”, ஏன் வரவில்லை என்று கேட்டார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. நான் பதில் சொல்லும்வரை சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளித் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயந்தரம் குடிப்பதென்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். ஆறு மணிக்குக் கடைத்தெரு முக்கில் எனக்காக நின்றார். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: வராத நாளில் தேடி வர ஆள் உண்டா? தூரம், மொழி, மறைவு எல்லாம் அதற்கு அப்புறம். முதல் நாளே இரண்டு பேர் நம்பராவது வாங்குங்கள், உங்கள் நம்பரையும் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பீர்களா என்று கேளுங்கள். ஸ்பான்சர், அதாவது படிகளில் கூட நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினர், அப்புறம் கிடைப்பார். ஊர் பார்த்துவிடும் என்று பயப்படுபவருக்கு ஒரு சொல்: கூட்டத்தில் உங்களைப் பார்ப்பவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார். நான் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்ததை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

பொள்ளாச்சியை விட்டுவிடவில்லை. சில விஷயம் இன்னும் அங்கே போனால்தான் வாயில் வருகிறது. இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போகிறேன், சேட்டனும் கூட வருகிறார். திரும்பும்போது டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வோம். கோபாலபுரம் வந்தால் அவர் அன்றைக்கு விற்காத சீட்டுகளை எண்ணத் தொடங்குவார், நானும் கூடவே எண்ணுவேன்.