வலையா, சக்கரமா, சுவர் இருக்கையா? பிள்ளையின் குளியல் நாற்காலி பற்றி ஓர் ஒப்பீடு

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் குளியல் நாற்காலி தேடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து எடை வரம்பை. நான் அதற்கும் முன்னால் வேறொன்றைக் கேட்பேன். கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போய், துவட்டித் திரும்பும்வரை பிள்ளையை எத்தனை முறை கையில் தூக்குகிறீர்கள்? அதில் எத்தனை முறை ஈர உடம்போடு? சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு குளியல் ஆகிவிடுகிறது. தூக்குகிறவர் அம்மா, பணிப்பெண், சில வீடுகளில் அறுபதைத் தாண்டிய பாட்டி. எங்கள் மகளுக்குப் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி). அவளுக்காகப் பார்த்த நாற்காலிகளை எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எடைபோட்டேன்.

தொட்டி சார்ந்த கருவிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வெளிநாட்டுக் கடைகளின் பட்டியலில் தொட்டிக்குள் இறக்கி ஏற்றும் மின்தூக்கிகள் வரும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் குளியல் தொட்டியே கிடையாது. காற்றடைக்கும் தொட்டியைத் தரையில் விரித்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. வலிப்பு வரும் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். சில சென்டிமீட்டர் தண்ணீரே மூழ்குவதற்குப் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதல் தேர்வு சாய்வு வலை நாற்காலி. குழாய்ச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டியிருக்கும். ஆட்டர், ரிஃப்டன் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையைக் கால்மேல் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவார்களே, ஏறக்குறைய அதே தாங்கல்தான் இது. தலை நிற்காத பிள்ளைக்கும் முதுகு வலுவில்லாத பிள்ளைக்கும் இதில் பயம் குறையும். தண்ணீர் தேங்காமல் வலை வழியே இறங்கிவிடும். மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம். வீட்டில் எல்லாரும் ஒரே குளியலறையைப் பயன்படுத்தும்போது இது சின்ன விஷயமில்லை.

வாங்கும்போது முதுகுச் சாய்வும் இருக்கைச் சாய்வும் தனித்தனியாக மாறுகிறதா என்று பாருங்கள். விறைப்பு உள்ள பிள்ளை, தண்ணீர் மேலே பட்டதும் உடம்பை வில்லாக வளைக்கும். இடுப்பும் முழங்காலும் நன்றாக மடிந்திருந்தால் அந்த விறைப்பு பெரும்பாலும் அடங்கும். முதுகு மட்டும் சாய்ந்து இடுப்பு நிமிர்ந்துகொள்ளும் நாற்காலியில் பிள்ளை வழுக்கிக் கீழே வந்துகொண்டே இருக்கும். பட்டையை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. பட்டை கழுத்துப் பக்கம் ஏறினால் புது ஆபத்து.

இதன் குறை என் கணக்கில்தான் தெரியும். கட்டிலில் இருந்து தூக்கு, ஈரத்தரையில் நடந்து குனிந்து இறக்கு, குளித்ததும் வழுக்குகிற உடம்பைத் தரைமட்டத்தில் இருந்து மறுபடி தூக்கு. கூடவே விற்கும் உயரத் தாங்கியைச் சேர்த்து வாங்கினால் குனிவது குறையும். ஈரத்தில் தூக்குவது குறையாது. ஆட்டரில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகள் இருக்கின்றன. பிள்ளை பெரிய அளவுக்குள் இன்னும் அடங்கும்போதே, தூக்குகிறவரின் இடுப்பு போய்விடும். தீபாவளிக்கோ சனிக்கிழமைக்கோ நல்லெண்ணெய் தேய்க்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையை நாற்காலியில் கட்டியபிறகு தலைக்கு மட்டும் தேய்த்துச் சீயக்காய் போடுங்கள். முதுகுக்கும் காலுக்கும் வேண்டாம். வலையைக் கழற்றி வெயிலில் காயவையுங்கள், இந்த ஈரக்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்தது சக்கரம் வைத்த குளியல் நாற்காலி. பிள்ளைகளுக்கென்றே செய்யும் ஆர்82 ஃபிளமிங்கோ, ரிஃப்டனின் கழிவறை நாற்காலி போன்றவை இந்த வகை. விலையில் வலை நாற்காலியைவிட எங்கேயோ இருக்கும். ஆனால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. கட்டில் ஓரத்திலேயே, காய்ந்த உடம்பாக இருக்கும்போது உட்காரவைக்கிறோம். அப்படியே உருட்டிப்போய், நின்றபடி குளிப்பாட்டி, துண்டு போர்த்தி உருட்டிவந்து கட்டிலில் துவட்டுகிறோம். ஈரத்தில் தூக்குவது என்பதே இல்லை. மலம் கழிப்பதும் அதே நாற்காலியில் முடிந்துவிடும். மொத்த இருக்கையும் பின்னால் சாயும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். இடுப்பு மடிப்பு கலையாமல் தலை சாய்வதால் முடி அலசும்போது கண்ணில் தண்ணீர் விழாது.

கடையில் இருக்கும் பெரியவர்களுக்கான கமோட் நாற்காலியே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விலை மலிவு, உண்மைதான். இருக்கைத் துளை பிள்ளைக்குப் பெரிது, கால் அந்தரத்தில் தொங்கும், பக்கவாட்டில் பிடிமானம் இல்லை. பாதம் ஊன்ற இடமில்லாத பிள்ளையின் உடம்பு முழுவதும் பதற்றத்தில் இறுகிப்போகும். பதின்ம வயதில், உடம்பு நன்றாக நிற்கிற பிள்ளைக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

சக்கரம் வைத்த குளியல் நாற்காலிக்கு எதிரி நம் குளியலறை வாசல். தண்ணீர் வெளியே வராமல் கட்டிய அந்த வரம்பில் சின்னச் சக்கரம் முட்டி நின்றுவிடும். வரம்பின் உயரத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், ஏனென்றால் உள்தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்திருக்கலாம். மடிப்புக் கதவு உள்ள வீட்டில், கதவை முழுக்கத் திறந்தபின் மிச்சமாகும் இடைவெளிதான் உண்மையான அகலம். சட்டத்தில் இருந்து சட்டத்துக்கு அளந்து ஏமாறாதீர்கள். முன்பதிவின்பேரில் வீவக கட்டித்தரும் புதிய பிடிஓ வீடு என்றால் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளை உடைக்க வீவக அனுமதிக்காது. அதுவரை கழற்றி மாட்டும் சாய்தளம்தான். இரண்டு குளியலறைகளில் படுக்கையறையோடு ஒட்டியதையே மனம் தேடும். சமையலறைப் பக்கத்தில் இருப்பது நாற்காலியைத் திருப்ப வசதியாக இருந்தால் அதற்கே போங்கள்.

சுவரில் மடக்கும் இருக்கை, கைப்பிடி, முதுகுள்ள குளியல் முக்காலி ஆகியவை தானாக உட்காரும் பிள்ளைக்கு. தூக்கலே இல்லாததால் என் கணக்கில் இவற்றுக்கு வேலையில்லை, எழுந்து உட்காரும் நேரத்து வழுக்கல்தான் கவலை. வீட்டுக்குள் பாதுகாப்பு வசதிகளைப் பொருத்தித்தரும் வீவகவின் ஈஸ் திட்டம் முதியோருக்கானது. ஆனால் 65 வயதை எட்டிய தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2024இல் விரிவாக்கிய பட்டியலில் மடக்கு இருக்கையும் இருக்கிறது. வழுக்காத தரைப்பூச்சும் கைப்பிடிகளும் பேரப்பிள்ளைக்கும் உதவும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஷவர் நீர் ஊசியாகக் குத்தும், அதன் இரைச்சலும் தாங்காது. அவர்களுக்கு வாளியும் குவளையுமே போதும். எப்போது ஊற்றுவது என்பது பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

படுக்கவைத்தே குளிப்பாட்ட வேண்டிய பெரிய பிள்ளைகளுக்குக் குளியல் படுக்கை உண்டு. நம் குளியலறையில் அதை விரிக்க இடம் இருந்தால் அதிர்ஷ்டம்.

எதை வாங்கினாலும் ஹீட்டரைக் கவனியுங்கள். முதுகுத்தண்டுப் பிளவு (ஸ்பைனா பிஃபிடா) உள்ள பிள்ளைக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம், வெந்தாலும் அழாது. முதலில் குளிர்நீர், பிறகு சூடு, உங்கள் மணிக்கட்டில் பார்த்தபிறகே பிள்ளைமேல். 37, 38 டிகிரி போதும்.

பணத்துக்கு, உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபல் வழங்கும் உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும், தெரபிஸ்ட் போன்ற தகுதியுள்ளவரின் மதிப்பீடு வேண்டும். ஒப்புதல் வருமுன் வாங்கிவிடாதீர்கள். அதன் உச்சவரம்பு வாழ்நாளுக்கு 40,000 சிங்கப்பூர் வெள்ளி; பின்னால் வரப்போகும் சக்கர நாற்காலியும் பேச்சுக் கருவியும் அதே தொகையில் இருந்துதான். அதனால் என் கருத்து இது: கைக்குள் அடங்கும் வயதில் வலை நாற்காலியைச் சொந்தக் காசில், முடிந்தால் வளர்ந்த பிள்ளை விட்டுக்கொடுத்ததை வாங்குங்கள். நிதியைச் சக்கரம் வைத்த குளியல் நாற்காலிக்கு வைத்திருங்கள். பிள்ளையைத் தூக்குகிறவர் கட்டில் ஓரத்தில் ஒரு நொடி மூச்சுவாங்கி நிற்கத் தொடங்கினால் விண்ணப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. இடுப்பு பிடித்தபிறகு தொடங்கினால் மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் முடியும்வரை யார் தூக்குவது?

லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் வளாகத்துக்குள் இருக்கும் டெக் ஏபல் என்ற மையத்தில் உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது வாசல் அகலம், வரம்பு உயரம், கழிவறைக் கிண்ணத்தின் உயரம், கட்டிலின் உயரம் நான்கையும் எழுதி, குளியலறையின் படத்தையும் கைபேசியில் எடுத்துப்போங்கள். அன்றாடம் குளிப்பாட்டுவது பணிப்பெண் என்றால் அவரையும் அழைத்துப்போய் நாற்காலியை அவரையே தள்ளிப்பார்க்கச் சொல்லுங்கள்.