யாழ்ப்பாணத்துக் கிணற்று நீருக்கு எந்த வோட்டர் ஃபுளோசர்?

மகளின் பற்களுக்குக் கம்பி போட்ட பின்னர், பல்லிடுக்குகளை நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வோட்டர் ஃபுளோசர் ஒன்றை வாங்குவதென்று வீட்டில் தீர்மானித்தோம். அதில் இரண்டு வகை உண்டு. பேசின் ஓரத்தில் நிரந்தரமாக வைத்து நேரடி மின்சாரத்தில் இயக்கும் மேசைக் கருவி ஒன்று. கைக்குள் அடங்கும் பற்றரிக் கருவி மற்றையது. நாங்கள் எடுத்தது மேசைக் கருவியை. இரண்டுமே பற்தூரிகைக்கு மாற்று அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019 இல் வெளியிட்ட ஆய்வுத் திரட்டு, நீர்ப்பாய்ச்சல் ஈறு அழற்சியைக் குறைக்கக்கூடும் என்கிறதே தவிர, பல்லில் ஒட்டும் படலத்தைக் குறைப்பதாகக் காட்டவில்லை. அந்தச் சான்றும் வலுக்குறைந்தது என்றே குறிப்பிடுகிறது.

பருமன், சத்தம், பயணத்துக்கு வசதி ஆகியவற்றில் பற்றரிக் கருவி முந்தும் என்பது பார்த்தாலே தெரியும். கொள்ளளவில் நிலைமை தலைகீழ். வோட்டர்பிக் அக்குவேரியஸ் என்ற மேசைக் கருவியின் நீர்த்தாங்கி ஏறத்தாழ 650 மில்லிலீற்றர் கொள்ளும். ஒரு நிரப்பலில் 90 செக்கன் ஓடும். அழுத்தத்தைப் பத்துப் படிகளில் மாற்றலாம். பற்றரிக் கருவிகள் பெரும்பாலும் 150 முதல் 300 மில்லிலீற்றர் வரையே கொள்வதால், கம்பி போட்ட வாயைச் சுற்றி முடிப்பதற்குள் மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். ஆனால் எங்கள் தெரிவை முடிவு செய்தது இவை எதுவுமல்ல, கிணற்று நீர்தான்.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் இல்லாததால், அக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தேங்கும் மழைநீரைத்தான் மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றுகிறோம். அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்றே கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிவது. வோட்டர் ஃபுளோசரில் நீர் கொதிப்பதில்லை. எனினும் ஒவ்வொரு பாவனைக்குப் பின்னரும் குழாயிலும் முனையிலும் எஞ்சும் துளிகள் காயும்போது சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. துளை மிகச் சிறியது என்பதால் கொஞ்சப் பொருக்கே போதும். முதலில் நீர்த்தாரை நேரே பாயாமல் ஒரு பக்கம் சரியும். பின்னர் இரண்டாகப் பிரியும். அதன்பின் அழுத்தக் குமிழை எவ்வளவு கூட்டினாலும் வலுவில்லாமல் வழியும். பம்பு பழுது என்று ஒதுக்கப்படும் கருவிகளில் பல இந்தப் பொருக்கினால்தான் கெடுகின்றன என்பது என் சந்தேகம்.

இதற்கு மருந்து வினாகிரி. ஒன்றிலிருந்து மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை, தாங்கி நிறைய இளஞ்சூட்டு நீரில் நான்கு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து, பாதியை ஓடவிட்டு, 20 நிமிடம் நிறுத்தி, மீதியையும் ஓடவிட்டு, கடைசியில் வெறும் நீரால் அலச வேண்டும். எங்கள் நீருக்கு மாதம் ஒரு தடவை என்பதே பொருத்தம். இங்கேதான் மேசைக் கருவியின் அமைப்பு கைகொடுக்கிறது: தாங்கியைத் தனியே கழற்றி, உள்ளே கைவிட்டுத் தேய்த்து, கவிழ்த்து உலர வைக்கலாம், முனையைக் கழற்றி வினாகிரியில் ஊறவிடலாம். பல பற்றரிக் கருவிகளில் தாங்கியின் வாய் ஒரு விரல் நுழையும் அளவே இருக்கும். பம்பும் பற்றரியும் ஒரே உறைக்குள் அடைபட்டிருப்பதால், இரண்டில் ஒன்று போனாலும் முழுக் கருவியும் போனதற்குச் சமம். பற்றரி எத்தனை வருடம் தாங்கும் என்பதை என்னால் அனுபவத்தில் சொல்ல முடியாது. தங்கை வீட்டில் இடைக்கிடை பாவித்த அளவே எனக்குப் பழக்கம்.

பொருக்கைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. பாடசாலையில் தற்காலிக வன்மை என்று படித்தது இதுதான்: நீரைக் கொதிக்கவைத்தால் கல்சியத்தின் பெரும்பகுதி படிந்துவிடும், ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் தாங்கியில் ஊற்றலாம். பற்கூச்சம் உள்ளவர்களுக்கு அந்த இளஞ்சூடும் இதமானது. தீவகத்திலும் கரையோரக் கிராமங்களிலும் இந்த வழி போதாது. அங்கே சிக்கல் உவர், கொதிக்கவைத்தாலும் உப்புப் போகாது. கானில் வாங்கும், உப்பகற்றிய ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டிய வீட்டில், நான்கு பேர் தினமும் மேசைக் கருவியைப் பாவித்தால் இரண்டரை லீற்றர் அளவு போய்விடும். அப்படியான வீட்டுக்குச் சிறிய தாங்கியுள்ள பற்றரிக் கருவியையே நான் பரிந்துரைப்பேன். பேசினுக்கு அருகே மின்செருகி இல்லாத பழைய வீடுகளுக்கும், கிணற்றடியில் தனியாகக் குளியலறை உள்ள வளவுகளுக்கும் அதுவே பொருத்தம். ஈரக் கையோடு நீட்சி வயர் இழுத்து மேசைக் கருவியை இயக்கும் யோசனையே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பவர்கள் கருவியின் அடியில் உள்ள, வோல்ற் விபரம் எழுதிய சீட்டை முதலில் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். கனடாவில் விற்கும் மேசைக் கருவி 120 வோல்ற், 60 ஹேட்ஸுக்கு உரியது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் கருகிவிடும். மின்மாற்றி வைத்தால் வோல்ற் இறங்கும், ஆனால் மீடிறன் கருவிக்கு உரிய 60 ஆக மாறாமல் 50 ஹேட்ஸாகவே இருக்கும். தொலைபேசிச் சார்ஜரில் ஏற்றக்கூடிய பற்றரிக் கருவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. லண்டனிலிருந்து வரும் மேசைக் கருவி எங்கள் மின்சாரத்துக்குப் பொருந்தும். ஆனால் அங்குள்ள குளியலறைச் சவரச் செருகிக்கு ஏற்ற இரட்டை முள் பிளக்கோடு வருவதால், ஓர் அடப்டரும் வாங்க வேண்டியிருக்கும்.