திருகோணமலை – லண்டன் பத்தரை மணித்தியாலமாம்! தூரம் சொல்லும் தளம் ஒன்றைப் பாவித்துப் பார்த்ததில்...

இரண்டு ஊரின் பெயரைப் போட்டால் விமானத் தூரம், பறக்கும் நேரம் எல்லாம் சொல்லும் தளங்கள் இப்போது எக்கச்சக்கம். தம்பி அனுப்பிய ஒன்றில் திருகோணமலை, லண்டன் என்று போட்டேன். சுமார் 8,690 கிலோமீட்டர், பத்தரை மணித்தியாலம் என்று வந்தது.

தூரம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீனக்குடாவில் லண்டன் விமானத்தை யார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? அது விமானப்படைத் தளம், உள்ளூர்ச் சின்ன விமானம் வந்தால் உண்டு. இதில் கூத்து என்னவென்றால், பூமியின் வளைவோடு அளந்தால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்தை விட நாங்கள்தான் லண்டனுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் கிட்ட! அந்தப் பெருமையோடு வேனில் ஏறி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீட்டர் அளவு ஓடி கட்டுநாயக்கா போய்ச் சேர ஐந்தாறு மணித்தியாலம். இரவென்றால் ஹபரணைக் காட்டுப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும், சாரதி ஹோர்ன் அடிக்காமல் தள்ளி நிறுத்திவிட்டு அது மனது வைத்து விலகும் வரை பார்த்துக்கொண்டிருப்பார், பின் சீட்டில் இருப்பவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று மணித்தியாலம் முன்னதாக எயார்போர்ட்டில் நிற்க வேண்டும். இதெல்லாம் தளத்தின் கணக்கில் கிடையாது.

பறக்கும் நேரத்திலும் பிழை இருக்கிறது. தூரத்தை மணிக்கு 870 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டிவிடுகிறார்கள் போல, அதனால் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம்தான் காட்டுகிறது. உண்மையில் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிப்பதால் கொழும்பிலிருந்து நேரடியாகப் போக 11 மணித்தியாலம் அளவில் பிடிக்கும், திரும்பி வர அதைவிடக் குறைவு. போர் நடக்கும் வான்பரப்பைச் சுற்றிப் போனால் இன்னும் கூடும்.

நேர வித்தியாசத்தையும் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். எங்கள் மாமி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "பகல் ஒரு மணிக்கு ஏறினால் ஏழரைக்கு இறக்கம், ஆறரை மணித்தியாலம்தானே, சாப்பாடு எதுக்கு கட்டுறாய்?" என்றார். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை என்று விளக்கி முடிப்பதற்குள் இடியப்பம் அவித்து முடிந்துவிட்டது.

பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இடையில் ஓர் ஊரைச் சேர்த்துப் பார்க்கலாம். கொழும்பு – லண்டன் நேராக 8,710 கிலோமீட்டர் சொச்சம், தோகாவை நடுவில் போட்டால் 8,850 அளவுதான். சுற்றுவழி என்று நாம் பயப்படுகிற அளவுக்குத் தூரம் கூடவே இல்லை, நேரத்தைத் தின்பது அங்கே காத்திருக்கும் மணித்தியாலங்கள்தான். டிரான்சிட் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் தூரத்தைப் பற்றி யோசிக்காமல் காத்திருப்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

தூரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு இரண்டு. ஃபோனில் திறந்தால் விளம்பரம் பாதித் திரையை மூடிவிடும், கணினியில் பார்ப்பது நல்லது.