வண்டியில் பரிமாறுவதா, தட்டில் அனுப்புவதா?

உயர்தர உணவகம் திறப்பவர்கள் பலர் தயங்கும் இடம் இது. விருந்தினர் மேசையருகே சிறு வண்டியை நிறுத்தி உணவை முடித்துத் தரும் கெரிடான் முறையா, சமையலறையிலேயே அலங்கரித்து வரும் தட்டு முறையா?

இடம்
கெரிடான்: வண்டி உருள அகலமான வழி வேண்டும், நாற்காலிகள் குறையும்.
தட்டு: அந்தத் தொல்லை இல்லை.

ஆள்
கெரிடான்: பரிமாறுபவர் பாதி சமையல்காரர். மீனை முள் நீக்கவும், வாத்தைத் துண்டு போடவும், க்ரேப் சுசெட்டில் (ஆரஞ்சு சாஸில் ஊறிய மெல்லிய பிரெஞ்சு அப்பம்) மதுவை ஊற்றிப் பற்றவைக்கவும் தெரிய வேண்டும். பாரிஸின் தூர் தார்ழான் உணவகத்தில் 1890-இல் ஃப்ரெடெரிக் தெலேர் ஒவ்வொரு வாத்துக்கும் எண் கொடுக்கத் தொடங்கினார். வாத்தின் எலும்புக்கூட்டை அழுத்தும் கருவியில் பிழிந்து சாஸ் செய்வதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். இந்தக் கைத்திறன் சில வாரங்களில் வராது.
தட்டு: 1970-களில் நூவெல் கூசீன் ('புதிய சமையல்') என்ற பிரெஞ்சுப் பாணியின் சமையல்காரர்கள் பரப்பிய வழி. பரிமாறுபவருக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எது என்று கேட்காமல், எல்லார் முன்னும் ஒரே நேரத்தில் வைப்பதும் பெரிய கலைதான்.

நேரம்
கெரிடான்: மெதுவாக நகரும்.
தட்டு: வேகம், ஒரே தரம்.

இடம் தாராளம், மேசைகள் குறைவு, அனுபவசாலிகள் உண்டு என்றால் கெரிடான். சின்னக் கூடம், பல சுற்று உணவு என்றால் தட்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: எல்லாம் தட்டில் போகட்டும், சீஸை மட்டும் வண்டியில் கொண்டுபோங்கள். நெருப்பு வேலை அப்புறம்.