விரல் எலும்பை எண்ணிப் பார்த்த வக்கீலம்மா

கோவை கணபதி பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மோட்டாருக்குத் தகடு வெட்டும் வேலை. மொத்தமே ஏழு பேர். 2021 செப்டம்பரில் ஒருநாள், ஒரு அடியோடு நிற்க வேண்டிய பிரஸ் நிற்காமல் இன்னொரு அடி அடித்துவிட்டது. வெட்டின தகட்டை எடுக்கப் போன என் இடது கை டைக்குள், அதாவது தகட்டை வெட்டும் அச்சுக்குள் இருந்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது, நடுவிரலில் ஒரு கணு. அப்போது எனக்கு 35 வயது.

நஷ்டஈடு வாங்க நான் போன வக்கீல் ஆபீஸைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் "என் பேரு வேண்டாம் தம்பி, விஷயத்தை மட்டும் எழுதுங்க" என்று அந்த வக்கீலம்மாவே கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் போனது வேறொரு வக்கீலிடம். அந்த ஆபீஸில் ஏசி ஓடியது, காபி கொடுத்தார்கள். பத்து நிமிஷம் பேசிவிட்டு, வருகிற பணத்தில் நாலில் ஒரு பங்கு தனக்கு என்றார். இப்போதே ஒரு வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் சொன்னார். என் கையை அவர் பார்க்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதே வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவதாகப் போனது இந்த அம்மாவிடம். மாடி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை, பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனில இ.எஸ்.ஐ. இருக்கா?"

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளம் மாதம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அங்கேதான் பணம், முதலாளி மேல் தனியாக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. நாங்கள் ஏழு பேர்தான் என்றதும், "அப்போ 1923 சட்டம்" என்றார்கள். முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்தது, 2010-லிருந்து பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. அதில் விபத்து நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. நான் போனபோது 14 மாதம் முடிந்திருந்தது.

அவ்வளவு நாள் நான் சும்மா இருந்ததற்குக் காரணம் ஒரு கையெழுத்து. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முதலாளி ஒரு பத்திரம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி பில்லை அவர் கட்டுவார், வேறு நஷ்டஈடு எதுவும் நான் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தது. வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, போட்டுக் கொடுத்துவிட்டேன். எல்லாம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். வக்கீலம்மா அதன் நகலை வாங்கிப் படித்துவிட்டு மேஜையில் ஓரமாக வைத்தார்கள். "பதினேழாவது பிரிவுப்படி இது செல்லாது. நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கிறேன்னு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் சட்டம் அதை ஏத்துக்காது." இதே மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்த வரியை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் என் கையை நீட்டச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, என் நடுவிரலை அடியிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே போய் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் தட்டுப்பட்டது. "இங்க நுனி மட்டும் சிதைவுன்னு எழுதியிருக்காங்க. எலும்பே போயிருக்கே தம்பி?" உடனே எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் நுனி எலும்பு முழுசாகவே இல்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு, சட்டத்தின் முதல் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார்கள். ஒவ்வொரு விரலுக்கும், ஒவ்வொரு கணுவுக்கும் சதவீதம் போட்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. நடுவிரலில் எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 4, ஒரு கணு என்றால் 7. ஒரே விபத்தில் பட்ட காயங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரித் தாளை நம்பியிருந்தால் எனக்கு 15 சதவீதம், எக்ஸ்ரேப்படி 18.

கணக்கையும் என் முன்னாலேயே பென்சிலால் போட்டார்கள். எனக்கு வாரக் கூலி 4,000, மாதம் 17,000-க்கு மேல் வரும். ஆனால் 2020 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. அதை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு 197.06. வந்தது 17,73,540. உடம்பு முழுக்க முடங்கிப்போனால் கிடைக்கும் தொகை அது. அதில் 18 சதவீதம் 3,19,237 ரூபாய். 15 சதவீதமாக இருந்திருந்தால் 53,000 ரூபாய் குறைந்திருக்கும். அந்த 53,000 அவர்கள் என் விரலை அழுத்திப் பார்த்த ஒரு நிமிஷத்தில் வந்தது.

பணம் பற்றிப் பேசியபோது அவர்கள் சொன்னதுதான் எனக்கு முழு நம்பிக்கை கொடுத்தது. "ஃபீஸ் 18,000, மூணு தவணையில கொடுங்க. ஆனா நீங்க தொழிற்சாலைத் தொழிலாளி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல உங்களுக்கு இலவசமாவே வக்கீல் கிடைப்பாங்க. 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷச் சட்டத்தில் இருக்கிறதாம். வந்த கட்சிக்காரனுக்கு இதைச் சொல்லி அனுப்புகிற வக்கீலை விட்டுப் போக மனசு வரவில்லை, அங்கேயே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கையில் காசே இல்லாதவர்கள் அந்த எண்ணைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

2023 ஜனவரியில், இந்த நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் முன்னால் மனுப் போட்டோம். நோட்டீஸ் போன பிறகுதான் முதலாளி இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்திருந்ததே எனக்குத் தெரிந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வந்து, பாதுகாப்புக் கம்பிக் கூண்டை நானே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தேன் என்று வாதாடினார்கள். வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினால் என் மாதிரிக் காயத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. அந்த மிஷினில் கூண்டு இருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

குறுக்கு விசாரணையில் வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. கூண்டு எந்த வருஷம் வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், பில் இருக்கிறதா, இப்போது எங்கே இருக்கிறது என்று முதலாளியிடம் வரிசையாகக் கேட்டார்கள். நாலுக்கும் பதில் இல்லை. மாதக் கூலி 9,000தான் என்று அவர் சொன்னதற்கு, சனிக்கிழமை தோறும் சூப்பர்வைசர் கூலி எழுதிக் கொடுத்த என் சின்ன நோட்டை எடுத்து வைத்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. என் மனைவி அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். விபத்து அன்று முதலில் போன பெரியாஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலும் உதவியது, பிரஸ்ஸில் கை மாட்டியது என்று அதில் தெளிவாக இருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். ஃபோன் எடுக்கவே மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நேரில் போனால்தான் பதில். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியது தெரியாமல் இரண்டு தடவை லீவு போட்டுப் போய்த் திரும்பி வந்தேன், இரண்டு நாள் கூலி போனது. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். நடுவில் ஜூனியர் மாறினார், புதுசாக வந்தவருக்கு நான் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கூலிக்காரர்களின் வழக்கை எடுக்கிற ஆபீஸ் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். இதற்காக ஐந்தில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

2024 மார்ச்சில் உத்தரவு வந்தது. 18 சதவீதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு 3,19,237 ரூபாய். நஷ்டஈட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி உண்டு, அது மட்டும் 90,000-ஐத் தாண்டியது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு கட்டு மாற்றியது, மருந்து எல்லாவற்றுக்கும் 14,000-க்கு மேல் நான் செலவழித்தேன், பில் இருந்த 9,850 மட்டும் கிடைத்தது. மருந்துக் கடை பில்லைக் கசக்கிப் போடாதீர்கள். தாமதத்துக்கு அபராதமும் கேட்டோம், அது கிடைக்கவில்லை. பணத்தை ஆணையரிடம்தான் கட்டுவார்கள், அங்கே தனியாக ஒரு மனுப் போட்ட பிறகு என் வங்கிக் கணக்குக்கு வந்தது. மொத்தம் 4,20,000-க்கு மேல். முதல் வக்கீல் கேட்ட பங்கு என்றால் 1,00,000-க்கு மேல் போயிருக்கும். இங்கே பேசிய 18,000-க்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை, மூன்று தவணைக்கும் ரசீது கொடுத்தார்கள்.

நான் சொன்னதெல்லாம் 2021 விபத்துக்கான கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் அந்த 1923 சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்து கொஞ்ச நாள் கழித்து, எங்கள் தெருவில் லேத் ஓட்டும் பையன் ஒருவனுக்குக் கையில் அடிபட்டது. நானே கூட்டிக்கொண்டு போனேன். அதே பெஞ்ச், அதே முதல் கேள்வி. அவன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், "இங்க வழக்கு கிடையாது தம்பி, இ.எஸ்.ஐ. கிளை ஆபீஸுக்குப் போங்க" என்று சொல்லி, என்னென்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் அவனையே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று திரும்பப் படிக்கவும் வைத்தார்கள். அவன் சட்டைப்பையில் கையை விட்டபோது, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.